முள்ளெலி போகிற வழி

ஜேர்மனியின் மேற்கு ஓரத்தில், ஒல்லாந்து எல்லைக்குக் கிட்ட இருந்த அந்தச் சின்ன நகரத்தில், ஒரு சித்திரை மாதத்துக் காலையில், வேலிகளுக்குப் பின்னால் இருக்கவேண்டியவர்கள் இல்லாமல் வேறு ஆட்கள் இருந்தார்கள். அதை முதலில் கண்டவர் பிரிங்க்மான். நகரத்து ஆட்கள் வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் தோட்டத் துண்டுகளின் சங்கத்துக்கு அவர் தலைவர். ஒவ்வொரு துண்டாகப் போய் வேலிகளின் உயரத்தை அளப்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம். அன்றைக்கும் அளவுநாடாவோடு குனிந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவில் இருந்த நீக்கலால் அடுத்த துண்டைப் பார்த்தார். அங்கே அடுத்த துண்டு இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் செம்மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். அவள் டச்சு மொழியில் காலை வணக்கம் சொன்னாள், அவர் டொச் என்கிற ஜேர்மன் மொழியில் சொன்னார், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் கேட்டன. வேலியின் உயரம் சட்டப்படி சரியாக இருந்தபடியால் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வேலிக்குப் போனார்.

ஒரு கிழமைக்குள் விஷயம் நகரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எந்த வேலியில் நீக்கல் இருக்கிறதோ அந்த நீக்கலுக்குப் பின்னால் எல்லைக்கு அப்பால் உள்ள யாரோ ஒருவருடைய தோட்டம் இருந்தது; பச்சையாக, ஈரமாக, நேற்றுவரை அங்கேயே இருந்ததுபோல இருந்தது. நீக்கல் இல்லாதவர்கள் துளை போட்டார்கள், கடைகளில் துளைகருவி தீர்ந்துபோனது, ஞாயிற்றுக்கிழமையில் துளை போட்டுச் சத்தம் எழுப்பக்கூடாது என்று நகராட்சி அறிவித்தது. இந்தப் பக்கத்தவர்கள் மலிவான கோப்பித்தூளும் பூக்கிழங்குகளும் வாங்கினார்கள், அந்தப் பக்கத்தவர்கள் பியரும் இறைச்சியும் வாங்கினார்கள், இரண்டு பக்கத்து நாய்களும் தங்களுக்குள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தன. அடுத்த வீட்டுக்காரரை வேலிக்கு மேலால் கூப்பிட வழியில்லாமல் போனதால் வாசலுக்குப் போய் மணியடிக்கவேண்டி வந்தது. அப்படிப் பல பேர் தங்கள் அயலவரின் வீட்டுக்குள் முதல்முறையாகக் கால் வைத்தார்கள்.

காரணம் கேட்டு நகராட்சி ஒரு பல்கலைக்கழக அம்மாவை அழைத்தது. மிகப் பழைய காலத்தில் இந்த மக்களெல்லாம் ஒரே மொழி பேசியபோது, வளைத்து அடைத்த இடத்துக்கு அவர்களிடம் ஒரு சொல் இருந்தது என்று அந்த அம்மா சொன்னார். பிறகு வீடு பிரிவதுபோலச் சொல்லும் பிரிந்தது. டொச்காரர் அடைப்பை எடுத்துக்கொண்டு வேலிக்கு ‘ட்சவுன்’ என்று பெயர் வைத்தார்கள், டச்சுக்காரர் அடைப்புக்குள் முளைத்ததை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ‘டொய்ன்’ என்று பெயர் வைத்தார்கள், நோர்வேக்காரர் முற்றத்தை எடுத்துக்கொண்டு ‘டூன்’ என்றார்கள், ஆங்கிலேயர் ஆசைப்பட்டு முழு ஊரையுமே உள்ளே போட்டு ‘டவுன்’ ஆக்கிக்கொண்டார்கள். இந்த வருடம் அந்தச் சொற்களில் இரண்டுக்குத் தங்கள் சகோதரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தண்ணீர் குடித்தார். மண்டபத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு காரணத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை, கோப்பித்தூளின் விலையைப் பற்றியே கதைத்தார்கள். லண்டனில் இருந்த தமிழ் ஆட்கள் மட்டும் தொலைபேசியில், “எங்கட பக்கம் ஒண்டும் நடக்கேல்லையே” என்று கொஞ்சக் காலம் மனவருத்தப்பட்டார்கள்.

அந்தத் தோட்டங்களில் நீக்கல் இல்லாத வேலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது திலகேஸ்வரியின் வேலி.

திலகேஸ்வரி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாள். நெட்டையான, நிமிர்ந்த பெண். வேலி அடைப்பதில் அவளை வெல்ல ஆளில்லை. பலகைக்குப் பின்னால் மூங்கில் தட்டி, தட்டிக்குப் பின்னால் பச்சை வலை என்று அவள் அடைத்திருந்த அடைப்புக்குள் காற்றே கேட்டுத்தான் நுழையவேண்டும். மற்றவர்கள் துளை போட்டுக் கோப்பித்தூள் வாங்கிய நாட்களில் அவள் தன் பூசணிக் கொடியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாரும் ஓட்டை போடினம். நாங்களும் ஒண்டு போட்டா என்ன?” என்று புருஷன் பேரின்பநாயகம் கேட்டார்.

“எனக்கு டச்சுக்காரரோட ஒரு கதையும் இல்லை.”

அவள் யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று பேரின்பநாயகத்துக்குத் தெரியும். அவளுடைய ஒரே தங்கச்சி பத்மலோசனி எல்லைக்கு அப்பால்தான் இருந்தாள். பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ஒரு மணி நேரத்தை இரண்டு பேரும் பல வருடங்களாகக் கடக்கவில்லை.

சண்டை வந்தது பருத்தித்துறைப் பக்கத்தில் இருந்த ஒரு வேலியால். தாயின் காணியைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துச் சீதனமாகக் கொடுப்பது அங்கே வழக்கமானதால், அக்காவும் தங்கச்சியும் கலியாணம் கட்டியபின் அடுத்தடுத்த வளவுகளில் குடியிருந்தார்கள். நடுவில் தென்னோலை பின்னிய கிடுகுவேலி, வேலியில் ஒரு பொட்டு. பொட்டு என்றால் ஒரு ஆள் குனிந்து போய்வரக்கூடிய இடைவெளி. சகோதரிகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு வேலியிலும் அது இருக்கும். தெருப் படலையால் வருபவர்கள் விருந்தாளிகள், கடன்காரர், கலியாணத்துக்குச் சொல்ல வருபவர்கள். உரித்தான ஆட்கள் பொட்டுக்குள்ளால்தான் வருவார்கள். கறி போகும், தேங்காய்ப்பாதி வரும், கொடுத்த கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பி வராது. திலகேஸ்வரி நெட்டையானதால் குனியும்போதெல்லாம் மேலே கட்டிய மட்டையில் தலையை இடித்துக்கொள்வாள். அவளுக்கு அது பழகியதே இல்லை. அதனால் லோசனி அந்தப் பக்கத்தில் நின்று, அக்கா நுழையும்போது அவளுடைய உச்சந்தலையில் கையை வைத்து அமர்த்திப் பிடிப்பாள்.

பிறகு யுத்தம், பயணம், ஒருத்திக்கு ஜேர்மனி, ஒருத்திக்கு ஒல்லாந்து. வளவுகளில் ஆளில்லை. காணி பார்க்கிற தவராசா ஒரு வருடம் வேலியைப் புதிதாக அடைத்தபோது, அது தன் பக்கம் ஒரு முழம் தள்ளி வந்துவிட்டதென்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திலகேஸ்வரி தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தாள். “உனக்கு என்ர ஒரு முழமும் வேணுமோ” என்று தொடங்கியது, அம்மாவின் செத்தவீட்டில் யார் முதலில் அழுதார்கள் என்பதுவரை போய் நின்றது. தொலைபேசியை வைத்த கையோடு அவள் தவராசாவைக் கூப்பிட்டு, பொட்டைத் தகரம் போட்டு அடைக்கச் சொன்னாள். அவன் அடைத்தான். அடைத்ததை லோசனி கேள்விப்பட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

“அந்தப் பொட்டுக்குள்ளால போய்வந்தது கீரியும் கோழியும்தான். நீர் உண்மையில ஆரோட கோவிச்சனீர்?” என்று பேரின்பநாயகம் ஒருமுறை கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு தாமதமாகவே கிடைத்தது.

வைகாசி முடிகிற சமயத்தில் பிரிங்க்மான் திலகேஸ்வரியின் வேலியைப் பார்க்க வந்தார்.

“திருமதி பேரின்பநாயகம், உங்கள் வேலி உயரம் சரி. ஆனால் கீழே முள்ளெலி போக வழி இல்லை.”

“முள்ளெலி என்ர தோட்டத்துக்கு ஏன் வரவேணும்?”

“வரவேணும். நத்தையைத் தின்னும். சங்கத்தின் விதி இருக்கிறது. தரையோடு சேர்த்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு வழி விடவேண்டும். எல்லோரும் விட்டிருக்கிறார்கள்.”

நகரம் முழுக்க வேலிக்குப் பின்னால் வேறு நாடு இருந்த காலத்தில் அந்த மனிதர் முள்ளெலியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஆனால் விதி விதிதான். சனிக்கிழமை திலகேஸ்வரி முழங்காலில் இருந்து, வலையை வெட்டி, தட்டியை வெட்டி, கடைசியில் பலகையின் அடியை அறுத்தாள். அறுத்த துண்டு கையோடு வந்தது. குனிந்து பார்த்தாள்.

இரண்டு கால்கள் தெரிந்தன. பெருவிரலைவிட நீண்ட இரண்டாவது விரல், கணுக்காலில் சின்ன வயதில் கொதிகஞ்சி ஊற்றுப்பட்ட தழும்பு. முகம் தெரியாவிட்டாலும் அந்தக் கால்களை அவளுக்குத் தெரியும். இடது கால் எட்டு வைத்தது, வலது கால் மண்ணில் இழுபட்டுக்கொண்டு பின்னால் போனது. கால்களுக்கு முன்னால் அவரைக்கொடி ஒன்று கம்பில் பாதி கட்டியபடி தொங்கியது.

தான் துளை போடாமல் இருந்ததன் காரணம் அப்போது அவளுக்கு விளங்கியது. துளைக்குப் பின்னால் யார் நிற்பார் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது.

“எடி லோசனி.”

கால்கள் நின்றன. ஒரு பக்கமாகச் சரிந்து, வேலியைப் பிடித்து, மெல்ல மெல்ல அந்த உடம்பு குந்தியது. முகம் வந்தது. நரைத்திருந்தது, வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. அந்த வாய் சொன்னது:

“வாட் வில் யெய்?”

டச்சு தெரியாவிட்டாலும் திலகேஸ்வரிக்கு அது விளங்கியது. டொச் மொழியில் ‘வாஸ் வில்ஸ்ட் டூ’ என்பார்கள், உனக்கு என்ன வேண்டும் என்று. இத்தனை வருடம் கழித்துக் கூடப்பிறந்த அக்காவிடம் கேட்கிற கேள்வி, அதுவும் வெள்ளைக்காரன் மொழியில். அவளுக்குக் கோபம் உச்சியில் அடித்தது. முள்ளெலியின் வழியை ஒரு வாளியால் மூடிவிட்டு வீட்டுக்குப் போய், வாசலிலேயே சொன்னாள்.

“பெரிய டச்சுக்காரியாகிட்டாள். என்னோட தமிழ் கதைக்க அவவுக்கு வெக்கமாம்.”

பேரின்பநாயகம் வாய் இறங்கியிருந்ததையும் கால் இழுபட்டதையும் இரண்டுதரம் கேட்டு அறிந்துகொண்டார். பிறகு ஒல்லாந்தில் கோயில் நிர்வாகத்தில் இருந்த பழைய சிநேகிதன் ஒருவனுக்குத் தொலைபேசி எடுத்தார். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்:

“மாரியில அவவுக்குப் பாரிசவாதம் வந்ததாம். வலப்பக்கம் இழுத்துப்போட்டுதாம். தமிழ் முழுக்கப் போட்டுதாம், திலகம். ஒரு சொல்லும் இல்லையாம். பிந்திப் படிச்ச டச்சு மட்டும் நிண்டிட்டுதாம். டொக்டர்மார் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் விடும் எண்டவையாம். எங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சினமாம்.”

திலகேஸ்வரி கதிரையில் இருந்தாள். தங்கச்சிக்கு வாய் வராமல் போன மாரியில் தான் இங்கே வேலிக்கு இரண்டாவது தட்டி கட்டிக்கொண்டிருந்ததை நினைத்தாள். விம்மி விம்மி அழுதாள், அழுதபடியே எழும்பிப் போய் அரிசிமா வறுக்கத் தொடங்கினாள்.

அடுத்த நாள் பின்னேரம், ஒரு சாண் உயரத்துக்குள் நுழையக்கூடிய தட்டைக் கிண்ணம் ஒன்றில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்து மூடி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். ஈரமண்ணில் குப்புறப் படுத்து வாளியை நகர்த்தினாள். கால்கள் அங்கேதான் நின்றன.

அன்றிலிருந்து அந்தக் கோடை முழுக்க, அங்கே துண்டு வைத்திருந்தவர்கள் ஒரு நெட்டைத் தமிழ்ப் பெண் பின்னேரங்களில் வேலியடியில் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்துப் பழகிப்போனார்கள். பிரிங்க்மான் அவளுக்கு ஒரு பழைய பாய் கொண்டுவந்து கொடுத்தார். அவள் டொச்சில் சொல்வாள், தங்கச்சி டச்சில் சொல்வாள், தமிழில் ஒருவருக்கொருவர் சொல்ல முடியாததையெல்லாம் முன்பின் தெரியாத மக்களின் சொற்களை வைத்துச் சொல்லப் பார்த்தார்கள். கையைக் காட்டினால் அது இரண்டு பக்கமும் ‘ஹன்ட்’ ஆகவே இருந்தது. தண்ணீர் இந்தப் பக்கம் ‘வாஸர்’, அந்தப் பக்கம் ‘வாட்டர்’. பாண் ரொட்டி ‘ப்ரோட்’ என்றும் ‘ப்ரோட்’ என்றும் ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. வீடு, பால், இரவு, பிள்ளை என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து நீட்டினார்கள்; சில சொற்கள் உடனே மற்றப் பக்கத்தில் தங்கள் ஆளை அடையாளம் கண்டன, சில கொஞ்சம் யோசித்துக் கண்டன, சில முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. ஒருநாள் லோசனி தன் மகளைப் பற்றிச் சொல்லி ‘ஸ்லிம்’ என்றாள். டொச்சில் ‘ஷ்லிம்’ என்றால் மோசம். திலகேஸ்வரி நெஞ்சில் அடித்துக்கொண்டு, பிள்ளைக்கு என்னடி நடந்தது என்று அழத் தொடங்க, லோசனி இடது கையால் தன் நெற்றியைத் தட்டித் தட்டி, பிள்ளை கெட்டிக்காரி என்று விளக்குவதற்குள் அவரைக்கொடி பாதி சரிந்துவிட்டது. அன்றைக்கு லோசனி சிரித்தாள். ஒரு பக்கத்து வாயால் சிரித்தாலும் அது பழைய சிரிப்புத்தான்.

ஆனால் கிண்ணத்தை மட்டும் அவள் எடுப்பதில்லை. புட்டை வழித்துத் தன் தட்டில் கொட்டிக்கொண்டு, கிண்ணத்தை அந்தக் கணமே வெறுமையாகத் தள்ளிவிடுவாள். அதற்கு என்ன அர்த்தம் என்று திலகேஸ்வரிக்குத் தெரியும். அந்நியருடைய பாத்திரத்தைத்தான் அப்படித் திருப்பிக் கொடுப்பார்கள். தெரிந்தும் தெரியாததுபோல ஒவ்வொரு நாளும் கொண்டுபோனாள்.

புரட்டாதி பிறந்ததும் நீக்கல்கள் அடைபடத் தொடங்கின. ஓரோர் காலையில் ஓரோர் வேலிக்குப் பின்னால் ஒல்லாந்து இல்லாமல்போய் அயலவரின் புல்வெளி வந்து நின்றது. சொற்கள் களைத்துவிட்டன, மறதி அவற்றின் சுபாவம் என்று பல்கலைக்கழக அம்மா எழுதி அனுப்பினார். ஆட்கள் வீட்டில் மிஞ்சியிருந்த கோப்பித்தூளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் திலகேஸ்வரி வழக்கம்போலக் கிண்ணத்தை உள்ளே தள்ளியபோது லோசனி அதைத் தொடாமல் இருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கையைத் தூரத்துக்கு, மிகத் தூரத்துக்கு நீட்டினாள், பிறகு விரலை அக்காவின் பக்கம் திருப்பினாள்.

“யெய்,” என்றாள். நீ. கொஞ்சம் தேடி அடுத்த சொல்லை எடுத்தாள். “டிஹ்ட்.”

அந்தச் சொல் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஒலி மட்டும் கொஞ்சம் வேறு. இறுக அடைத்தது, ஒரு நீக்கலும் விடாமல் மூடியது. நீ அடைத்தாய். அவளுடைய தலைக்குள் அம்மாவின் மொழி முழுக்க அழிந்த இடத்தில் அந்தத் தகரம் மட்டும் அப்படியே நின்றிருக்கிறது.

முழத்தைப் பற்றிச் சொல்லவும், யாரோ சொன்னதைக் கேட்டதாகச் சொல்லவும் திலகேஸ்வரி டொச்சில் சொல் தேடினாள். பல சொற்கள் வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

“ஓம்,” என்றாள். “இஷ். டிஷ்ட்.” நான்தான் அடைத்தேன்.

லோசனி இடது கையை நீட்டினாள். பிறகு கிண்ணத்தை மூடியோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேலியைப் பிடித்து எழும்பி, காலை இழுத்து இழுத்து வீட்டுப் பக்கம் போனாள். கிண்ணம் திரும்பி வரவில்லை.

அன்றைக்கே திலகேஸ்வரி தவராசாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“தவராசா, அந்தப் பொட்டைத் திறந்து விடு.”

“எந்தப் பொட்டு அக்கா?”

“எனக்கும் லோசனிக்கும் நடுவில இருக்கிறது. தகரத்தைக் கழட்டு.”

“அக்கா, ரெண்டு வளவிலயும் ஒரு சனம் இல்லை. ஆர் அதுக்குள்ளால போறது?”

“அது உனக்கென்னத்துக்கு. நாங்கள் போவம்.”

அங்கே மழை. தவராசா மழை விட்டபிறகுதான் போனான். ஆணி துருப்பிடித்து இறுகியிருந்ததாகவும், தகரத்தை வெட்டித்தான் எடுத்ததாகவும் சொல்லி ஒரு படம் அனுப்பினான். ஈரவேலியில் ஒரு பொட்டு. ஒரு கோழி, யாருடையதோ தெரியாது, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தது.

திலகேஸ்வரி தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள், பாயைக்கூட விரிக்காமல் படுத்து, வாளியை நகர்த்தினாள். அந்தப் பக்கத்தில் பிரிங்க்மானின் குப்பை எருக் குவியல் இருந்தது. அதற்கு மேலால் ஒரு முள்ளெலி, தனக்குச் சட்டப்படி உரிய வழியால், அவளுடைய முகத்துக்கு முன்னால் வந்து நின்று மணந்து பார்த்துவிட்டுப் பூசணிப் பாத்திக்குள் போனது.

அவள் எழும்பி மண்ணைத் தட்டினாள். பேரின்பநாயகம் தோட்டப் படலையில் நின்றார்.

“அடைச்சிட்டுது,” என்றாள். “என்ர கிண்ணம் அங்கை நிண்டிட்டுது.”

“அதுக்கென்ன. பஸ் எப்பவும் ஓடுதுதானே,” என்றார் அவர். பல வருடமாகச் சொல்லக் காத்திருந்த வசனத்தை அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

மறுநாள் காலை திலகேஸ்வரி பேருந்தில் போனாள். வழியில் எல்லை எங்கே வந்தது என்றே தெரியவில்லை. வீதிப் பலகைகளில் எழுத்து மாறியது, வீடுகளின் யன்னல் பெரிதானது, அவ்வளவுதான். விலாசத்தைக் கேட்டுக் கேட்டுப் போய், வரிசை வீடுகளில் ஒன்றின் தெருக்கதவில் மணியடித்தாள். உள்ளே ஒரு கால் இழுபடும் சத்தம் மெல்ல மெல்ல வந்தது. கதவு திறந்தது.

சொல்வதற்கு அவள் பேருந்தில் அடுக்கிக்கொண்டு வந்த டொச் சொற்கள் ஒன்றும் வாயில் நிற்கவில்லை. தொலைபேசியை நீட்டினாள். லோசனி அதை இடது கையில் வாங்கினாள், வெளிச்சத்துக்குத் திருப்பினாள், கோழியைப் பார்த்தாள், கோழிக்கு மேலே கட்டியிருந்த மட்டையைப் பார்த்தாள். தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அக்காவை ஏற இறங்கப் பார்த்து, தலையை இல்லை என்று ஆட்டி, கதவைச் சாத்தினாள்.

திலகேஸ்வரி தெருவில் நின்றாள். இது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஒரு மனிசி சைக்கிளில் போகும்போது அவளைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் போவதற்குக் காலை எடுத்து வைத்தபோது, வீட்டின் பின்பக்கத்திலிருந்து பலகையில் யாரோ அடிக்கும் சத்தம் கேட்டது. ஒருதரம், கொஞ்சம் விட்டு இன்னொருதரம், கோபமாக.

வீட்டு வரிசையின் ஓரத்தால் பின்னுக்கு ஒரு ஒழுங்கை போனது. அவள் அதற்குள் நடந்தாள். இரண்டு பக்கமும் உயரமான பலகை வேலிகள். லோசனியின் வேலியில் அடிப்பக்கத்துப் பலகைகள் சில இல்லை; வெட்டு நேராகவும் இல்லை, ஒற்றைக் கையால், அதுவும் பழக்கமில்லாத கையால் அறுத்தது அப்படித்தான் இருக்கும். அறுத்து நாளாகியிருந்தது, மரத்தூளை மழை கரைத்துவிட்டிருந்தது. அந்த இடைவெளியில், நிலத்தில், அவளுடைய கிண்ணம் இருந்தது. அதில் அவரைக்காய் நிறைந்து வழிந்தது.

அவள் கிண்ணத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நெட்டை உடம்பை மடித்துக் குனிந்தாள். மேற்பலகை எங்கே இருக்கிறதென்று பார்க்க மறந்து, எப்போதும்போல நுழைந்தாள். தலை இடிபடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இடது கை வந்து அவளுடைய உச்சந்தலையில் அமர்ந்து, இன்னும் கொஞ்சம் குனி என்று அழுத்தி, முழுக்க உள்ளே வரும்வரை விலகாமல் இருந்தது.